வர்ஜீனியாவில் ‘ரெக்லெஸ் டிரைவிங்’ சம்மன் வந்தால்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேகமாக ஓட்டிப் பிடிபட்டால் பெரும்பாலும் அபராதத்தோடு விஷயம் முடிந்துவிடும். வர்ஜீனியாவில் அப்படி நினைத்துவிடாதீர்கள். ஓர் அளவைத் தாண்டிய வேகம் இங்கே ‘ரெக்லெஸ் டிரைவிங்’, அதாவது பொறுப்பில்லாமல் ஆபத்தாக ஓட்டுதல் என்ற குற்ற வழக்கு. வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் பகுதிகளில் வேலைக்கு வந்து குடியேறும் நம்மவர்களுக்கும், நியூஜெர்சியிலிருந்து ஐ-95 நெடுஞ்சாலையில் தெற்கே புறப்படும் குடும்பங்களுக்கும் இது பெரும்பாலும் பிடிபட்ட பிறகுதான் தெரியவருகிறது. சிலருக்கு அப்போதும் தெரிவதில்லை. கையில் கொடுத்த காகிதத்தை ‘டிக்கெட்’ என்று காரின் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இணையத்தில் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். நீதிமன்றத் தேதி நெருங்கும்போது பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் தேவையில்லை. தேதிக்கு முன்னால் கிடைக்கும் வாரங்களைச் சரியாகப் பயன்படுத்தினால், இந்த வழக்கு சாதாரண வேக மீறலாகக் குறைய நியாயமான வாய்ப்பு இருக்கிறது. அந்த வாரங்களில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

வர்ஜீனியா சட்டத்தின் 46.2-862 என்ற பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட வேகத்தைவிட மணிக்கு 20 மைல் அல்லது அதற்கு மேல் ஓட்டினால் அது ரெக்லெஸ் டிரைவிங். அந்தச் சாலையின் வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலும் ரெக்லெஸ் டிரைவிங்தான். இந்த இரண்டாவது அளவு முன்பு 80 மைலாக இருந்தது. 2020 ஜூலை 1 முதல் 85 ஆனது. பழைய தகவலை நம்பிக் குழம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஐ-95, ஐ-81, ஐ-64 ஆகியவற்றின் ஊர்ப்புறப் பகுதிகளில் வரம்பு 70 மைல். அங்கே 86 மைலில் போனால் வரம்பைத் தாண்டியது 16 மைல்தான். ஆனால் அது குற்றம். 55 மைல் சாலையில் 75 போனாலும் குற்றம். 25 மைல் பள்ளிப் பகுதியில் 45 போனாலும் குற்றம். நெடுஞ்சாலையில் பறந்தவர் மட்டும்தான் மாட்டுவார் என்பதில்லை. ஊருக்குள் வேகப் பலகையைக் கவனிக்காமல் வந்தவரும் அதே பிரிவில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

இது ‘முதல் வகை மிஸ்டிமீனர்’. சிறு குற்றங்களிலேயே மிகக் கடுமையான வகை. அதிகபட்சத் தண்டனை 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை உரிமம் நிறுத்தம். முதல் முறை மாட்டியவருக்கு இவ்வளவும் விழுவது அரிது. 85க்கும் 90க்கும் இடைப்பட்ட வேகத்தில் பிடிபட்டவரின் நிலை வேறு, 90ஐத் தாண்டியவரின் நிலை வேறு. 90க்கு மேல் போனால் சிறைப் பேச்சைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் நீதிபதிகள் உண்டு. 100ஐத் தாண்டியிருந்தால் வழக்கறிஞர் இல்லாமல் நீதிமன்றத்துக்குள் காலெடுத்து வைக்காதீர்கள்.

சிறையைவிட அதிகம் பேரைத் தொடுவது பதிவேடு. ரெக்லெஸ் டிரைவிங் தீர்ப்பு டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) பதிவில் 11 ஆண்டுகள் இருக்கும். ஆறு பாயிண்ட் (தவறுக்கான எதிர்மறை மதிப்பெண்) ஏறும். அது போக, குற்றப் பதிவு என்று தனியாக ஒன்று உருவாகிறது. வேலைக்கு முன்னால் நடக்கும் பின்னணிச் சோதனையிலும் விசா படிவங்களிலும் எட்டிப்பார்ப்பது அதுதான்.

சாலையோரத்தில்

பின்னால் நீல விளக்கு மின்னியதும் சிக்னல் போட்டு வலப்பக்கம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். இரவாக இருந்தால் உள் விளக்கைப் போடுங்கள். இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி இருக்கட்டும். காரைவிட்டு இறங்காதீர்கள். நம் ஊரில் போலீஸ்காரர் நிறுத்தினால் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை என்று பழகியிருக்கிறோம். இங்கே அதை அச்சுறுத்தலாகத்தான் பார்ப்பார்கள். உரிமமும் பதிவுச் சான்றும் எடுக்க வேண்டுமென்றால், எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

“எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?” என்று கேட்பார். எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். “கொஞ்சம் வேகமாகத்தான் வந்துவிட்டேன், விமானத்துக்கு நேரமாகிவிட்டது” என்று உண்மையாகப் பேசுவதாக நினைத்துச் சொல்லும் ஒரு வரி, அவருடைய குறிப்பேட்டில் ஏறி, நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும். பொய்யும் வேண்டாம், வாதமும் வேண்டாம். “அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை, ஆபீசர்” என்று பணிவாகச் சொன்னால் போதும். பணத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். “இங்கேயே கட்டிவிடலாமா?” என்று வெகுளியாகக் கேட்பதுகூட லஞ்சம் கொடுக்கும் முயற்சியாகத் தோன்றலாம், லஞ்சம் இங்கே பெருங்குற்றம்.

கடைசியில் சம்மனில் கையெழுத்துப் போடச் சொல்வார். போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கையெழுத்து அல்ல. குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வருகிறேன் என்ற உறுதிமொழி மட்டுமே.

அன்று இரவே செய்ய வேண்டியவை

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எழுதி வையுங்கள். எந்தச் சாலை, எந்த மைல் கல்லுக்கு அருகில், எந்தத் தடம், மழையா வெயிலா, போக்குவரத்து எப்படி, காரில் யார் இருந்தார்கள், போலீஸ்காரர் எங்கே நின்றிருந்தார், ரேடார் என்றாரா லைடார் (லேசர் வேகக் கருவி) என்றாரா, பின்னால் வந்தே வேகத்தைக் கணக்கிட்டேன் என்றாரா, நீங்கள் அவரிடம் சொன்னது சரியாக என்ன. இரண்டு மாதம் கழித்து வழக்கறிஞர் கேட்கும்போது இதில் பாதி மறந்திருக்கும். டேஷ்கேம் இருந்தால் அன்றைய பதிவைத் தனியாகச் சேமியுங்கள். பல கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். நடந்ததைச் சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேக எண்ணோடு கதை சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து சம்மனை எடுத்து நல்ல வெளிச்சத்தில் வரிவரியாகப் படியுங்கள். கையால் எழுதியதாக இருக்கலாம், சிறிய பிரிண்டரிலிருந்து வந்த சீட்டாகவும் இருக்கலாம். சட்டப் பிரிவு என்று ஓர் எண் இருக்கும். 46.2-862 என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 46.2-852 என்றால் அதுவும் ரெக்லெஸ் டிரைவிங்தான், ஓட்டிய விதத்தை வைத்துப் போட்ட பொதுப் பிரிவு. 46.2-870 என்றோ அதையொட்டிய எண்களோ இருந்தால் அது சாதாரண வேக மீறல். நிம்மதியாக மூச்சு விடலாம். சில கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) தங்கள் சொந்த விதி எண்ணை முன்னால் போடும். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 82-1-6 என்று தொடங்கினால் திகைக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள மாநிலப் பிரிவு எண்ணைப் பாருங்கள்.

பிறகு எந்த நீதிமன்றம், எந்த நாள், எத்தனை மணி என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இந்த வழக்குகள் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் நடக்கும். ரெக்லெஸ் டிரைவிங்குக்கு முன்கூட்டியே பணம் கட்டி வழக்கை முடிக்கும் வசதி கிடையாது. ஆஜராகத்தான் வேண்டும். வராமல் போனால் நீங்கள் இல்லாமலே விசாரித்துத் தண்டிக்கலாம், பிடிவாரன்ட்டும் வரலாம். அன்றைக்கு ஊரில் இருக்க முடியாது என்று தெரிந்தால் இப்போதே தேதி மாற்றக் கேட்க வேண்டும். டிசம்பரில் சென்னைக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

பெயரில் எழுத்துப்பிழை, காரின் நிறம் தவறு என்பதால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆகாது; நீதிபதி அதை அங்கேயே திருத்திவிடுவார். ஆனால் பெயர் விஷயத்தில் நமக்கு வேறொரு சிக்கல் உண்டு. வர்ஜீனியா நீதித்துறையின் இணையதளத்தில் வழக்கைப் பெயரை வைத்துத் தேடலாம். அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், நம் பெயர் முதல் பெயராகவும் ஆவணங்களில் இடம் மாறிக் கிடப்பதால், ஒரு வரிசையில் தேடினால் வழக்கே இல்லாதது போலத் தெரியும். இரண்டு வரிசையிலும் தேடுங்கள். வழக்கு எண் கிடைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள். இனி அதை வைத்துத்தான் எல்லாம் நடக்கும்.

வழக்கறிஞரைத் தேடுவது

சம்மன் வாங்கிய சில நாட்களில் உங்கள் தபால் பெட்டி வழக்கறிஞர்களின் கடிதங்களால் நிறையும். பயப்படாதீர்கள், உங்கள் தகவல் திருடப்படவில்லை. நீதிமன்றப் பட்டியல் பொது ஆவணம் என்பதால் அதைப் பார்த்து விளம்பரக் கடிதம் அனுப்புகிறார்கள். அவற்றில் நல்ல வழக்கறிஞர்களும் உண்டு, ஒரே நாளில் நான்கு கவுண்டிகளுக்கு ஓடுபவர்களும் உண்டு. கடிதத்தின் காகிதத் தரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதில் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது ஒன்றைத்தான்: அவர் அந்தக் குறிப்பிட்ட நீதிமன்றத்தில் வாராவாரம் நிற்பவராக இருக்க வேண்டும். ஒரு கவுண்டியில் அரசுத் தரப்பு வழக்கறிஞரே இந்த வழக்குகளில் பேசுவார். இன்னொரு கவுண்டியில் போலீஸ்காரர்தான் நேரடியாகச் சாட்சி சொல்லுவார், பேச்சுவார்த்தை அவரோடுதான். ஒரு நீதிபதி ஸ்பீடோமீட்டர் சான்றிதழை மதிப்பார். இன்னொருவர் பாதுகாப்பு வகுப்பை மதிப்பார். 90க்கு மேல் போனவரை எந்த நீதிபதி எப்படி நடத்துவார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை; அங்கே தினமும் நிற்பவருக்குத்தான் தெரியும். ஃபேர்ஃபாக்ஸில் உங்கள் நண்பரின் வழக்கை அருமையாக முடித்த வழக்கறிஞர், வட கரோலினா எல்லைக்கு அருகே எம்போரியாவில் உங்களுக்கு உதவுவார் என்று சொல்ல முடியாது. எங்கே பிடிபட்டீர்களோ அந்த ஊர் நீதிமன்றத்து ஆளைத் தேடுங்கள்.

எங்கே தேடுவது? அந்தக் கவுண்டியில் இதே பிரிவில் வழக்கு நடத்திய நண்பர்கள் முதல் இடம். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான வர்ஜீனியா ஸ்டேட் பார் வழியாகவும் பரிந்துரை பெறலாம். யாரைத் தேர்ந்தாலும் அவர் அந்த அமைப்பில் பதிவு பெற்றவர்தானா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் பொதுத் தகவல்கள். வேறு மாநிலத்தில் மட்டும் உரிமம் உள்ள வழக்கறிஞர் இங்கே உங்களுக்காக நிற்க முடியாது.

பெரும்பாலான வழக்கறிஞர்கள் முதல் தொலைபேசிப் பேச்சுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கேட்க வேண்டியவை: கடந்த ஒரு மாதத்தில் இந்த நீதிமன்றத்துக்கு எத்தனை முறை போனீர்கள்? இந்த வேகத்துக்கு அங்கே வழக்கமாக என்ன நடக்கிறது, மிக மோசமாகப் போனால் என்ன ஆகும்? அன்று என்னோடு நிற்கப் போவது நீங்களா, உங்கள் அலுவலகத்திலிருந்து வேறு யாராவதா? நான் நேரில் வர வேண்டுமா? தொகை மொத்தமாக எவ்வளவு, தேதி தள்ளிப்போனால் கூடுமா, மேல்முறையீட்டுக்குத் தனியா? பதில்களை எழுத்தில் கேளுங்கள். இந்த வழக்குகளுக்கு மணிக்கணக்கில் இல்லாமல் மொத்தக் கட்டணமாக வாங்குவதுதான் வழக்கம். “கட்டாயம் தள்ளுபடி செய்து தருகிறேன்” என்று உத்தரவாதம் தருபவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரை அழையுங்கள். நேர்மையான வழக்கறிஞர் முடிவைப் பற்றி வாக்குறுதி தரமாட்டார். வழக்கின் பலவீனத்தையும் பலத்தையும் சொல்வார்.

அவரிடம் மறைக்காதீர்கள். உண்மையில் எவ்வளவு வேகத்தில் போனீர்கள், முன்பு ஏதாவது டிக்கெட் உண்டா, காரில் யார் இருந்தார்கள், போலீஸ்காரரிடம் என்ன சொன்னீர்கள் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது அவரைத் தாண்டிப் போகாது. கூச்சப்பட்டு மறைத்த பழைய டிக்கெட் ஒன்று நீதிமன்றத்தில் அரசுத் தரப்பின் வாயிலிருந்து வரும்போதுதான் வழக்கறிஞர் தடுமாறுவார்.

பணமில்லை என்றால்? சிறைத் தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்கு என்பதால், வருமானம் குறைவானவர்களுக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். முதல் ஆஜரின்போது கேட்கலாம். சிறைத் தண்டனை விதிக்கப்போவதில்லை என்று நீதிமன்றம் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், அது சட்டம் கொடுத்த உரிமை.

விசாவில் இருப்பவர்களுக்கு

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எச்1பி, எஃப்1, எல்1, கிரீன் கார்டு என எதில் இருந்தாலும், முதல் அழைப்பிலேயே வழக்கறிஞரிடம் அதைச் சொல்லுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் ‘படீயா எதிர் கென்டக்கி’ வழக்கில், குற்ற வழக்கை நடத்தும் வழக்கறிஞர், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படும் ஆபத்து இருக்கிறதா என்று வெளிநாட்டவரான தன் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனவே இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் தயக்கத்தோடு வந்தால், குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் செலவழியுங்கள். அலுவலகத்தின் குடியேற்ற வழக்கறிஞர் நிறுவனத்துக்கும் சேர்த்து வேலை செய்பவர். தனியாக ஒருவரைக் கேட்பது நல்லது.

வேகத்தினால் மட்டும் வந்த ரெக்லெஸ் டிரைவிங், நாடுகடத்தலுக்கு இட்டுச்செல்லும் வகைக் குற்றமாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. அதனால் இரவெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டாம். ஆனால் மது, போதைப்பொருள், விபத்து, காயம் ஏதாவது இதோடு சேர்ந்திருந்தால் கதையே வேறு. அப்போது குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்த ஒப்புதலுக்கும் தலையாட்டாதீர்கள்.

தேதிக்கு முன்னால் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

உங்கள் ஓட்டுநர் பதிவை டிஎம்வியிலிருந்து வாங்குங்கள். உரிமம் வேறு மாநிலத்தது என்றால் அந்த மாநிலத்திலிருந்து. சுத்தமான பதிவு என்பது நீங்கள் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய சாட்சி. வந்து ஓராண்டுதான் ஆகிறது என்றால் அது நீளமாக இருக்காது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

ஸ்பீடோமீட்டர் சோதனையை விட்டுவிடாதீர்கள். கார் 80 என்று காட்டும்போது உண்மையில் 84 ஓடுகிறது என்றால், நீங்கள் வேண்டுமென்றே அவ்வளவு வேகம் போகவில்லை என்பதற்கு அது ஆதாரம். சத்தியப்பிரமாணத்தோடு எழுதிய சோதனை அறிக்கையை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்று வர்ஜீனியா சட்டம் 46.2-942 பிரிவில் சொல்கிறது. இந்தச் சோதனையைச் செய்து, நீதிமன்றத்துக்கு ஏற்ற வடிவில் எழுதித் தரும் வாகனப் பட்டறைகள் இருக்கின்றன. எங்கே போகலாம் என்று உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். தொழிற்சாலையில் வந்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டியவர்கள் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். டயர் பெரிதானால் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சோதனையில் மீட்டர் மிகச் சரியாக இருந்தது என்றால் அறிக்கையை நீதிமன்றத்தில் நீட்ட வேண்டியதில்லை. ஒரு விஷயம்: பிடிபட்ட பிறகு, சோதனைக்கு முன், டயரை மாற்றிவிடாதீர்கள்.

அரசுத் தரப்புக்கும் இதே போன்ற கடமை இருக்கிறது. ரேடார், லைடார் கருவிகளின் சோதனைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது வழக்கறிஞரின் வேலை. இதனால் மட்டும் தப்பித்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் காகிதங்கள் சரியாகவே இருக்கும்.

எட்டு மணி நேர ஓட்டுநர் மேம்பாட்டு வகுப்பு ஒன்று உண்டு. நீதிபதி சொல்வதற்கு முன்னால் நீங்களாகவே முடித்துச் சான்றிதழோடு போவது பல நீதிமன்றங்களில் நன்மை செய்யும். எந்த வகுப்பை அந்த நீதிபதி ஏற்பார், இணையத்தில் படித்தது செல்லுமா என்று வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். மிக அதிக வேகத்தில் பிடிபட்டவர்களைச் சமூக சேவையும் முன்கூட்டியே செய்யச் சொல்வார்கள்.

முடிந்தால் உங்கள் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அதே நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்குகள் நடக்கும் ஒரு காலையில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். யாரும் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுவதையும், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதையும், நீதிபதியின் குரலையும் கேட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நீதிமன்ற நாள்

அரை மணி நேரம் முன்னால் போங்கள். பல நீதிமன்றங்களில் கைபேசியை உள்ளே விடமாட்டார்கள். காரிலேயே விட்டுவிடுவது நல்லது. அப்படியானால் தேவையானவை எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போவது போல உடுத்துங்கள். வாசலில் திரையிலோ சுவரிலோ அன்றைய பட்டியல் இருக்கும். உங்கள் பெயரையும் அறை எண்ணையும் பாருங்கள்.

பெயரை அழைக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நம் பெயர்களை அவர்கள் உச்சரிக்கும் விதத்தில் நமக்கே அடையாளம் தெரியாது. அப்பாவின் பெயரை உடைத்து உடைத்து அழைப்பார்கள். நாமோ நம் பெயருக்காகக் காத்திருப்போம். சந்தேகம் வந்தால் எழுந்து நில்லுங்கள்.

அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவருக்கும் நீதிமன்ற ஆங்கிலம் வேகமாக ஓடிவிடும். புரியவில்லை என்றால் “மன்னிக்கவும் யுவர் ஆனர், இன்னொரு முறை சொல்ல முடியுமா” என்று கேளுங்கள். புரியாமல் தலையாட்டுவது மிக ஆபத்து. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரோ, ஆங்கிலம் குறைவான துணைவரோ வழக்கில் இருந்தால், குற்ற வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் கட்டணமின்றித் தரும். தமிழுக்கு ஆள் கிடைக்க நேரமாகும் என்பதால் கிளார்க் அலுவலகத்தில் பல வாரம் முன்பே சொல்லிவையுங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துவிடலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

வழக்கறிஞர் இருந்தால் பேச்சு அவருடையது. விசாரணைக்கு முன் அவர் அரசுத் தரப்போடோ போலீஸ்காரரோடோ பேசிவிட்டு வந்து உங்களிடம் ஒரு தீர்வைச் சொல்வார். பொதுவாக எதிர்பார்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று, சாதாரண வேக மீறலாகக் குறைப்பது. 10 முதல் 19 மைல் வரை தாண்டியதாக ஆனால் நான்கு பாயிண்ட், பதிவில் ஐந்தாண்டு. இன்னொன்று ‘இம்ப்ராப்பர் டிரைவிங்’, அதாவது முறையற்று ஓட்டுதல் என்ற சிறிய மீறல். மூன்று பாயிண்ட், பதிவில் மூன்றாண்டு, அபராதம் 500 டாலருக்கு மேல் போகாது. இரண்டுமே குற்றப் பதிவு ஆகாது. அபராதம் சற்று அதிகமானாலும் ஏற்றுக்கொள்ளத் தக்கவை இவை. அபராதத் தொகையைப் பார்த்துத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றப் பதிவு நீங்குவதற்கு முன்னால் அந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல.

வழக்கறிஞர் இல்லாமல் நின்றால், போலீஸ்காரர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். “எல்லாரும் அதே வேகத்தில்தான் போனார்கள்” என்பது தற்காப்பு ஆகாது, ஒப்புதல்தான். பதிவு, மீட்டர் சான்று, வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் கொடுத்து, குறைக்கும்படி சுருக்கமாகக் கேளுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போனால் பத்து நாட்களுக்குள் அடுத்த மேல் நீதிமன்றமான சர்க்யூட் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே வழக்கு முதலிலிருந்து புதிதாக விசாரிக்கப்படும். கீழே நடந்தது அங்கே உங்களைக் கட்டுப்படுத்தாது. பத்து நாள் என்பதில் சனி ஞாயிறும் சேர்த்தி. தீர்ப்பு வந்த அன்றே வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

உரிமம் நிறுத்தப்பட்டால் வேலைக்குப் போய்வருவது போன்ற தேவைகளுக்கு மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பாட்டு உரிமத்தை நீதிபதியிடம் அங்கேயே கேளுங்கள். நிறுத்திய காலத்தில் “பால் வாங்கக் கடைவரைக்கும்தானே” என்று ஓட்டிப் பிடிபட்டால் அது இன்னொரு முதல் வகை மிஸ்டிமீனர். வேறு மாநில உரிமம் வைத்திருப்பவர்களும் தப்ப முடியாது: வர்ஜீனியாவில் ஓட்டும் உரிமை நிற்கும், தீர்ப்பு உங்கள் மாநிலத்துக்கும் தெரிவிக்கப்படும். அபராதத்தை ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் கிளார்க்கிடம் தவணை கேட்கலாம்.

கட்டடத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன், அல்லது சில நாட்களில் திரும்பிப் போய், தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல் இரண்டு வாங்கிவிடுங்கள். வழக்கு குறைக்கப்பட்டிருந்தாலும், தள்ளுபடியே ஆகியிருந்தாலும் வாங்குங்கள். இந்த நீதிமன்றங்கள் பழைய கோப்புகளை என்றென்றும் வைத்திருப்பதில்லை. விசா முத்திரைக்கான டிஎஸ்-160 படிவம் கைதோ குற்றத் தீர்ப்போ எப்போதாவது உண்டா என்று கேட்கிறது. குடியுரிமை விண்ணப்பமான என்-400 சம்மன் வாங்கியதைப் பற்றிக்கூடக் கேட்கிறது. சென்னையின் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்முகத்துக்கு நிற்கும்போதும், பல ஆண்டுகள் கழித்து குடியுரிமை அதிகாரி கேட்கும்போதும், கையில் முத்திரையிட்ட நகல் இருந்தால் பேச்சு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். படிவத்தை நிரப்பும் முன் அந்த நகலைக் குடியேற்ற வழக்கறிஞருக்கு அனுப்பி, எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று எழுத்தில் கேட்டு வாங்கி, இரண்டையும் கடவுச்சீட்டோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.